ஆன்லைனில் சேலை விற்கிறீர்களா? லிஸ்டிங் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

மயில் கழுத்து நிறச் சேலை ஒன்று ரிட்டர்ன் ஆகி வந்தது. வாங்கியவர் எழுதியிருந்த காரணம் ஒரே வரி: "நீலம் கேட்டேன், பச்சை வந்திருக்கிறது." சேலையில் ஒரு குற்றமும் இல்லை. பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம்; துணி அசைந்தால் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கடையாக இருந்தால் முந்தானையை விரித்து வாசல் வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்பிக் காட்டியிருப்பார்கள், பேச்சு முடிந்திருக்கும். நாங்கள் போட்டிருந்ததோ டியூப்லைட்டுக்கு அடியில், மடிப்புக் கலையாமல் எடுத்த ஒரே படம். அதில் அது அப்பட்டமான நீலம்.

சின்னாளப்பட்டிப் பக்கம் சில ஜவுளிக்காரர்களுக்கு லிஸ்டிங் (விற்பனைத் தளத்தில் சேலையின் படம், தலைப்பு, விவரம் உள்ள பக்கம்) போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ரிட்டர்ன் வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரக்கில் கோளாறு இருக்காது. கடையில் வாங்குபவரின் கை ஒரு வேலை செய்கிறது: தடவிப் பார்க்கிறது, பிரிக்கிறது, முழம் போடுகிறது, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தெரிகிறதா என்று பார்க்கிறது. அந்த வேலையை லிஸ்டிங் செய்யாமல் விட்டிருக்கும்.

படத்தில் ஆரம்பிக்கும் வினை

அமேசான் போன்ற தளங்கள் முதல் படத்துக்கு வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. படத்தில் சுமார் 85 சதவீதத்தைப் பொருளே நிறைக்க வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். இதை எல்லோரும் எப்படியோ நிறைவேற்றிவிடுகிறார்கள். நிறைவேற்றும் விதத்தில்தான் சிக்கல். பின்னணியை வெள்ளையாக்கும் ஆப்பில் போட்டால், சந்தன நிறச் சேலையின் ஓரத்தையும் முந்தானைக் குஞ்சத்தையும் அது சேர்த்தே மென்றுவிடும். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஏற்றிவிட்டால், குஞ்சம் இல்லாத சேலை என்று நினைத்து வாங்கியவருக்குக் குஞ்சத்தோடு போகும்; அல்லது ஒன்றரை அங்குலக் கரை ஒரு அங்குலமாகத் தெரியும்.

இப்போது இதைவிடப் பெரிய தலைவலி ஏஐ மாடல். மடித்த சேலையைப் படம் எடுத்துக் கொடுத்தால் ஒரு பெண் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் நொடியில் வருகிறது. பார்க்க அழகுதான். ஆனால் புட்டாவை, அதாவது சேலையில் உள்ள சின்னச் சின்ன உருவங்களை, எண்ணிப் பாருங்கள். உங்கள் சேலையில் வரிசைக்கு ஆறு என்றால் படத்தில் ஒன்பது இருக்கும், யானை இருந்த இடத்தில் அன்னம் மாதிரி ஏதோ இருக்கும். அதை நம்பி வாங்குபவர் "படத்தில் இருப்பது வரவில்லை" என்று எழுதினால் அவர் சொல்வது உண்மை. அப்படிப்பட்ட படத்தை நான் போடுவதே இல்லை.

காலை ஒன்பது, பத்து மணிக்கு நேர் வெயில் விழாத திண்ணையில் சேலையை விரித்து எடுப்பதுதான் நிறத்துக்கு நல்லது. முழுச் சேலை, கரை, முந்தானை, பிளவுஸ் துணி, மறுபக்கம் எல்லாம் தனித்தனியாக வேண்டும். இன்னொன்றை யாரும் எடுப்பதில்லை: துணிக்குப் பின்னால் கையை வைத்து ஒரு படம். விரல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தாலே உள்பாவாடை என்ன நிறத்தில் கட்டுவது என்பது வரை பெண்கள் முடிவு செய்துவிடுவார்கள். இரட்டை நிறத்துக்குப் பத்து நொடி வீடியோ போதும். மயில் கழுத்துக்கு இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

பிளவுஸ் சண்டை

எனக்குத் தெரிந்து அதிகமாக ஒற்றை நட்சத்திரம் வாங்கித் தரும் தவறு இது. மாடல் போட்டிருக்கும் தைத்த பிளவுஸ் வேறு. சேலையோடு வரும் துணி வேறு. விற்பவருக்கு அது ஊரறிந்த விஷயம், அதனால் எழுதுவதில்லை. வாங்குபவருக்குப் படம்தான் வாக்குறுதி. "படத்தில் உள்ள தைத்த பிளவுஸ் வராது, சேலையோடு சேர்ந்த அதே நிற பிளவுஸ் துணி 80 செ.மீ. வரும்" என்று விவரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ரன்னிங்கா (சேலையின் அதே நிறம்), கான்ட்ராஸ்ட்டா (வேறு நிறம்) என்பதையும் சொல்லுங்கள். பிளவுஸே இல்லாத சேலை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், வேண்டியவர்கள் வாங்குவார்கள்.

நீளத்திலும் இதே குழப்பம். 5.5 மீட்டர் சேலை, 80 செ.மீ. பிளவுஸ், ஆக 6.3 மீட்டர். இதை "6.3 மீட்டர் சேலை" என்று எழுதினால், பிளவுஸை வெட்டியபின் கொசுவம் குறைகிறது என்று சண்டை வரும். இரண்டையும் பிரித்து எழுதுங்கள். கஜக் கணக்கில் தேடுபவர்களும் உண்டு: 6 கஜம் ஏறக்குறைய 5.5 மீட்டர், மடிசாருக்கான 9 கஜம் சுமார் 8.2 மீட்டர்.

தலைப்பில் என்ன எழுதுவது

"லேட்டஸ்ட் டிரெண்டிங் பார்ட்டி வேர் அழகிய பெண்கள் சேலை." இப்படித்தான் பாதிப் பேர் எழுதுகிறார்கள். போனில் தலைப்பின் முன்பகுதிதான் தெரியும், அந்த இடம் முழுவதும் காற்று. "சின்னாளப்பட்டி சுங்குடி காட்டன் சேலை, அரக்கு நிறம், மெழுகு அச்சு, பிளவுஸ் துணியுடன்" என்றால் தேடுபவருக்கும் புரியும், தளத்துக்கும் புரியும்.

நிறத்துக்கு நம் பெயர்களை விட்டுவிட வேண்டாம். எம்.எஸ். புளூ, வாடாமல்லி, ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள் என்று தேடுகிறவர்கள் வாங்கவே வந்தவர்கள். ஆனால் நிறத்துக்கான கட்டத்தில் தளம் தருகிற நீலம், ஊதா, பச்சை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஃபில்டர் போட்டுப் பார்க்கிற யார் கண்ணிலும் அந்தச் சேலை படாது. துணி வகை, நெசவு, கரை வகை என்று காலியாக விடப்படும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இதே கதிதான்.

வாங்குபவர் கண்ணில் படாமல் தேடலுக்கு மட்டும் உதவும் தேடுசொல் பெட்டியில் சுங்குடியின் ஆங்கில எழுத்து வேறுபாடுகளைப் போடுங்கள். ஆளுக்கொரு விதமாக அடிக்கிறார்கள். அந்தப் பெட்டியின் அளவு பைட் (கணினியில் எழுத்து பிடிக்கும் இடத்தின் அலகு) கணக்கில் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: தமிழ் எழுத்துக்கு இடம் அதிகம். "சேலை" என்பதற்கு 12 பைட், ஆங்கிலத்தில் "saree" என்று அடித்தால் 5. தலைப்பில் ஏற்கெனவே உள்ள சொல்லை அங்கே மறுபடி எழுதி இடத்தை அடைக்க வேண்டாம்.

சொல்லக்கூடாத பொய்

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் சுங்குடி என்பது துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பது. இன்று சந்தையில் நிறைய கிடைப்பது அதே புள்ளிகளை மெழுகிலோ திரையிலோ அச்சிட்டது. அச்சிட்டதை விற்பதில் தப்பே இல்லை, விலையும் அதற்கேற்றதுதான். அதற்கு "கைமுடிச்சு" என்று பெயர் வைப்பதுதான் தப்பு. விசைத்தறிக்குக் கைத்தறி என்றும், செயற்கை இழையான ஆர்ட் சில்க்குக்குப் பட்டு என்றும் எழுதுவதும் இதே ரகம். சுத்தப் பட்டு என்றால் சில்க் மார்க் சீட்டைப் படமெடுத்துப் போடலாம். சீட்டு இல்லையென்றால் அந்தச் சொல்லை அடக்கமாகப் பயன்படுத்துங்கள்.

உண்மையான கைத்தறியிலும் ஆங்காங்கே நூல் முடிச்சு தட்டுப்படும். "டேமேஜ்" என்று அதையும் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடத்தையே ஒரு குளோசப் எடுத்துப் போட்டுவிடுங்கள். முதல் சலவையில் சாயம் கசியும் துணியா? உப்புத் தண்ணீரில் தனியாக அலசச் சொல்லி எழுதுங்கள். "அப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்?" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அவருடைய வேட்டியும் மருமகளின் சுங்குடியும் ஒரே வாளியில் ஊறிய பிறகு அவரே எழுதச் சொன்னார்.

சட்டம், எடை, பெட்டி

பேக் செய்து விற்கும் பொருளுக்கு உற்பத்தியாளர் பெயர், முகவரி, அளவு, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்ற சட்டமுறை எடையளவு விதி 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதில் எம்.ஆர்.பி. என்ற பெயரில் 4,000 போட்டு அதை அடித்து 799 என்று காட்டும் பழக்கத்தை விட்டொழியுங்கள். சேலை கட்டும் பெண்களுக்குச் சேலை விலை தெரியும்.

பேக்கிங் அளவை உத்தேசமாகப் போடுகிறவர்கள் கூரியரில் மொத்தமாகக் கொடுத்து அழுவார்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு; அதுவும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குத்தான் காசு. அரைக் கிலோ காட்டன் சேலையை 40, 30, 10 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் கணக்கு 2.4 கிலோ ஆகிவிடும். மடித்துக் கவரில் போட்டு 30, 25, 3 என்று அடக்கினால் அரைக் கிலோவைத் தாண்டாது.

ஒரே சேலை, மூன்று கடை

கைத்தறியில் ஒரு டிசைனுக்கு ஒரே சேலைதான் இருக்கும். அதையே கடையில் தொங்கவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, தளத்தில் ஸ்டாக் 5 என்று வைப்பார்கள். கேட்டால், "விற்றால் அதே மாதிரி இன்னொன்று நெய்து தருகிறேன்." நெய்து சாயம் போட்டு வருவதற்குள் அனுப்பும் தேதி தாண்டிவிடும், ஆர்டரை நாமே ரத்து செய்ய வேண்டிவரும். விற்பவர் ரத்து செய்வதை அமேசான் 2.5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. மாதம் நாற்பது ஆர்டர் வரும் சிறு கடைக்கு இரண்டு ரத்தே 5 சதவீதம்.

அதனால் ஸ்டாக் 1 என்றால் 1 என்றே போடுகிறோம். தளத்திலும் போட்ட சேலை கடையில் தொங்கினால் அதன் கரையில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கும். சிவப்பு நூல் உள்ளதை யாராவது நேரில் கேட்டால், பில் போடுவதற்கு முன் எனக்கு போன் வரும்.