குழந்தைகளோடு ஏறத்தக்க மலை: மதுரைப் பக்கம்

குழந்தைகளை அழைத்துச் செல்ல மலைப்பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் உயரத்தைவிட, நிழல் எங்கே இருக்கிறது, வழியில் வேடிக்கை பார்க்க ஏதேனும் உண்டா, வேண்டிய இடத்தில் திரும்பிவிட முடியுமா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலை இவற்றுக்கெல்லாம் பொருந்துகிறது. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் இருப்பதால், ஏற மறுத்து அடம்பிடிக்கும் குழந்தைக்கும் அங்கே பொழுது போய்விடும்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், ஏறக்குறைய 1,000 ஆண்டுப் பழமையுள்ள தீர்த்தங்கரர் (சமண சமய அருளாளர்) புடைப்புச் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளும் வரிசையாக உள்ள பேச்சிப்பள்ளத்தை அடையலாம். படமெடுத்த பாம்பின் கீழ் நிற்கும் பார்சுவநாதர் என்னும் தீர்த்தங்கரரைக் கண்டுபிடிக்கச் சொன்னால், கால்வலிப் புலம்பல் தானாக அடங்கும். சிறு பிள்ளைகளோடு அதற்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது, ஏனெனில் மேலே நிழலற்ற வெறும் பாறைதான். விடியற்காலையில் ஏறி, பாறை சுடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம்.

நிழல்தான் முக்கியம் என்றால், அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை என்னும் மலைச் சுனைக்குச் செல்லும் சாலையில் நடக்கலாம். வண்டிகள் வருமாதலால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தின்பண்டப் பையைக் குரங்குகள் பறித்துவிடும் என்பதால் அது பெரியவர் தோளில் இருக்கட்டும்.