பழைய எம்எக்ஸ்-5 இஞ்சினைக் குறைந்த செலவில் புதுப்பிப்பது எப்படி?

1989 முதல் 1997 வரை தயாரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று சாதாரணப் பதிவில் சிங்கப்பூர்ச் சாலையில் இன்னும் ஓடுகிறது என்றால், அதற்குக் குறைந்தது இரண்டு முறை சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். அத்தனை பணம் போட்ட காரின் இஞ்சின் புகை கக்கத் தொடங்கியதும் மனம் தளர்ந்துவிட வேண்டியதில்லை. அதன் 1.6 லிட்டர் இஞ்சின் முதல் முறையாகப் பிரித்துப் பார்ப்பவருக்கும் புரியக்கூடிய எளிய அமைப்பு கொண்டது. நான்கு சிலிண்டர், வால்வுகளைத் திறக்கும் இரட்டைக் கேம், சிலிண்டர்கள் அடங்கிய இரும்பு பிளாக், அதை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட். உதிரிபாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன. அதையே எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறோம்.

செலவை எங்கே குறைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பிரிப்பது, கழுவுவது, மீண்டும் பூட்டுவது ஆகிய மூன்றும் கூலி. அந்த வேலையை நீங்களே செய்தால் பெரும்பணம் மிச்சம். அளவெடுப்பதிலும் மெஷின் ஷாப் (உலோகம் கடையும் பட்டறை) வேலையிலும் பேரிங்கிலும் கேஸ்கெட்டிலும் கை வைத்தால், மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு பின்னால் செலவாகும்.

முதலில் சிஓஇ கணக்கு

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சிஓஇ எப்போது முடிகிறது என்று பாருங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி நீட்டிக்க முடியாது. இன்னும் ஓராண்டில் காரைப் பதிவு நீக்க வேண்டியிருந்தால், ஒரு முழுப் புதுப்பிப்பு அதற்குத் தகுந்த செலவு அல்ல. 35 வயதைத் தாண்டிய கார் என்றால் பழம்பெரும் வாகனத் திட்டத்தையும் விசாரியுங்கள். ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டலாம், ஆனால் சிஓஇ சுமை வெகுவாகக் குறையும்.

இஞ்சின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டு வாகனப் பதிவிலும் இருக்கிறது. அதே பிளாக்கைப் புதுப்பித்தால் பதிவில் மாற்றம் எதுவும் தேவையில்லை. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய காரின்) இஞ்சினை வாங்கி மாட்டினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் நடைமுறைகளைப் பின்பற்ற வேண்டும். அந்த இஞ்சினும் 30 வயதைத் தொட்டதுதான். அதன் உள்ளே என்ன நிலை என்று பிரிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதனால் கையில் இருக்கும் பிளாக்கைச் சரிசெய்வதே நல்லது.

நோய் என்னவென்று கண்டுபிடியுங்கள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு ஸ்டெம் சீல் கெட்டிருக்கும். வேகம் கூட்டும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். மேலே டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். இந்த இஞ்சினில் வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் அழுக்கு அடைத்தால் அப்படித்தான் சத்தமிடும். அதற்காக இஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. கீழிருந்து கனத்த தட்டல் வந்து, வேகம் கூட்டக் கூட்ட அதுவும் கூடினால் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங் போய்விட்டது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை. இஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறியும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, மீட்டரின் முள் ஏறுவது நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். நல்ல நிலையில் 190 பிஎஸ்ஐயை ஒட்டி வரும். 135-க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கு இடையே 28 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ வேலை இருக்கிறது.

எண் குறைவான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். எண் துள்ளி ஏறினால் ரிங். அசையாமல் இருந்தால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்து, ஆயிலாலும் மாற்றம் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். இந்த அரை மணி நேரச் சோதனை, ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமா, முழு இஞ்சினையும் இறக்க வேண்டுமா என்று சொல்லிவிடும்.

இடம்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாகன நிறுத்துமிடத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சின் மிங், காக்கி புக்கிட், ஆங் மோ கியோ பக்கம் உள்ள ஒர்க்‌ஷாப்களில் இஞ்சினை இறக்குவது, ஏற்றுவது ஆகியவற்றுக்கு மட்டும் விலை கேளுங்கள். மூலையில் ஸ்டாண்ட் போட்டு வார இறுதிகளில் வேலை செய்ய இடம் தருவார்களா என்றும் முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் அங்கேயே கொடுத்துவிடலாம். சாக்கடையில் ஒரு சொட்டும் போகக் கூடாது.

வாங்க வேண்டிய கருவிகள்: நல்ல டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் இழை), ரிங் கம்ப்ரெஸர். இன்ஜின் ஸ்டாண்டை இரவல் வாங்கலாம். டார்க் ரெஞ்ச்சில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள்.

பிரிப்பது

ஒவ்வொரு கனெக்டரையும் ஹோஸையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். போல்ட்டுகளை ஜிப் பைகளில் போட்டு, எந்தப் பகுதி என்று எழுதி வையுங்கள்.

ஹெட் போல்ட் பத்து. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே மூச்சில் தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். லிஃப்டர்கள் 16-ஐயும் எந்த வால்வில் இருந்தன என்று எண் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

கீழ்ப்பகுதியில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ராடு கேப்பையும், கிராங்க்கைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் மெயின் கேப்பையும் இடம் மாற்றவோ திருப்பிப் போடவோ கூடாது. அவை அந்தந்த இடத்திலேயே வைத்துத் துளையிடப்பட்டவை. பிஸ்டனை வெளியே தள்ளும் முன் ராடு போல்ட்டுகளில் ரப்பர் ட்யூப் மாட்டிவிடுங்கள். இரும்பு நுனி கிராங்க்கில் ஒரு கீறல் போட்டால் கிராங்க்கே மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டிவரும்.

கிராங்க் புல்லியையும் இந்த நேரத்தில் பாருங்கள். அதில் நான்கு வெட்டு இருந்தால் அது தொடக்கக்கால ‘குட்டை மூக்கு’ கிராங்க். எட்டு இருந்தால் பிந்தைய ‘நீள மூக்கு’. குட்டை மூக்கில் முன் போல்ட் தளர்ந்து, புல்லியைக் கிராங்க்கோடு பூட்டும் சாவியின் குழியைத் தின்றுவிடுவது பேர்போன கோளாறு. சாவி ஆடினால் அந்தக் கிராங்க்கின்மேல் மற்ற செலவுகளைச் செய்யாதீர்கள். மாற்றுக் கிராங்க் தேடுங்கள்.

அளவெடுத்த பிறகே ஆர்டர்

சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் படி இருந்தால் வெறும் ரிங் மாற்றிப் பயனில்லை. புது ரிங் அந்தப் படியில் இடித்து உடையும். பிளாக், கிராங்க், ஹெட் மூன்றையும் மெஷின் ஷாப்பில் கொடுத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டர் துளை வட்டமாகவும் நேராகவும் இருந்தால் ஹோனிங் (சுவரை லேசாக உரசுவது) மட்டும் போதும், பழைய பிஸ்டனே ஓடும். இல்லையென்றால் ரீபோர் செய்து (துளையைப் பெரிதாக்கி) பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும். அப்போது பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதன் அளவுக்குத் துளைக்கச் சொல்ல வேண்டும்.

ஹெட்டின் வளைவு 0.15 மிமீக்கு மேல் இருந்தால் சமன்செய்ய வேண்டும். வால்வு ஸ்டெம் சீல்களையும் அங்கேயே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

இப்போதுதான் உதிரிபாகப் பட்டியல்: முழு கேஸ்கெட் செட், ரிங், மெயின் பேரிங், ராடு பேரிங், கிராங்க் முன் பின் சீல், கேம் சீல், கேம் ஆங்கிள் சென்சார் ஓ-ரிங், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள். ரிங்கும் பேரிங்கும் என்பிஆர், ஏசிஎல் போன்ற தரமான நிறுவனப் பொருளாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9% ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு நிறம் மாறிப் பழுப்பாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இந்த ஊர் வெயிலில், நெரிசலில் அது வெடித்தால் புது ஹெட் கேஸ்கெட் அன்றே போய்விடும்.

கழுவுவது

இந்தப் படியைத்தான் எல்லாரும் அவசரமாக முடிக்கிறார்கள். ஹோன் செய்த சிலிண்டர் சுவரில் உராய்வுத் துகள் ஒட்டியிருக்கும். பெட்ரோலும் தின்னரும் ஆயிலைக் கரைக்குமே தவிர அந்தத் துகளை முழுதாக எடுக்காது. வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ் மூன்றும்தான் வழி. தேய்த்து அலசி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக் கூடாது.

கழுவியதும் காற்றடித்து உலர்த்தி உடனே ஆயில் பூசுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெறும் இரும்புச் சுவர் கண்ணெதிரிலேயே துருவேறத் தொடங்கிவிடும். வேலை செய்யாத நேரமெல்லாம் பிளாக்கைப் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடி வையுங்கள்.

கீழ்ப்பகுதியைப் பூட்டுவது

ஒவ்வொரு ரிங்கையும் அது ஓடப்போகும் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். மேல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் 0.15 முதல் 0.30 மிமீ. குறைவாக இருந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி பிஸ்டனையே உடைக்கும். மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள்.

பேரிங் இடைவெளிக்குப் பிளாஸ்டிகேஜ். ஆயில் இல்லாமல் துடைத்த ஜர்னலில் (கிராங்க்கில் பேரிங் அமரும் பகுதி) ஒரு துண்டு இழையை வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்க்கைச் சுற்றாமல் திரும்பக் கழற்றுங்கள். நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். மெயினுக்கு 0.018 முதல் 0.036 மிமீ, ராடுக்கு 0.028 முதல் 0.068 மிமீ. சரியாக இருந்தால் இழையைத் துடைத்து, அசெம்பிளி லூப் பூசி, கடைசியாக இறுக்குங்கள்.

மெயின் கேப் போல்ட் 54–59 நியூட்டன் மீட்டர். ராடு நட்டின் அளவு 1.6 லிட்டர் இஞ்சினுக்கும் 1.8 லிட்டர் இஞ்சினுக்கும் வேறு. உங்கள் ஆண்டுக்குரிய பட்டறைக் கையேட்டைப் பார்த்தே இறுக்குங்கள். ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்புக்குப் பிறகு இறுகுகிறதோ அங்கேதான் பிழை.

ஆயில் பம்ப்பை வெறுமையாக மாட்டாதீர்கள். அதன் பற்களுக்கு இடையே வாஸலின் நிரப்பினால்தான் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும். சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) சிலிகான் பசை 3 மிமீ கோடாகப் போதும். அதிகம் போட்டால் உள்ளே பிதுங்கிய பசை அறுந்து ஆயில் உறிஞ்சியின் வலையை அடைக்கும். புதுப்பித்த இஞ்சின் சில நாளில் பேரிங் உருகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெட்டும் டைமிங்கும்

பிளாக், ஹெட் இரண்டின் பரப்பும் சுத்தமாக, ஆயில் இல்லாமல் இருக்க வேண்டும். போல்ட் துளையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக் விரிசல் விடலாம். காற்றடித்து வெளியேற்றுங்கள். போல்ட் மரையில் லேசாக ஆயில் தடவி, இம்முறை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக 76–81 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுபோங்கள்.

டைமிங் பெல்ட் மாட்டும்போது, ஒரு கேம் புல்லியில் ‘I’ குறி, மற்றதில் ‘E’ குறி இரண்டும் பின்தகட்டுக் குறிகளோடு நேராக நிற்க வேண்டும். அவற்றுக்கு இடையே பெல்ட்டில் 19 பல் எண்ணிப் பாருங்கள். பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி எண்ணுங்கள். இந்த 1.6 இஞ்சினில் டைமிங் தவறினாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. ஆனால் ஒரு பல் தள்ளியிருந்தாலும் இழுவை செத்துப்போகும்.

கிராங்க் முன் போல்ட் குட்டை மூக்குக்கு 108–118, நீள மூக்குக்கு 157–167 நியூட்டன் மீட்டர்.

முதல் ஸ்டார்ட்

ஃபில்டரோடு சேர்த்து 3.6 லிட்டர் ஆயில் பிடிக்கும். சாதாரண 10டபிள்யூ-40 போதும். சீக்கிரமே இரண்டு முறை மாற்றப்போகிறீர்கள், அதனால் விலையுயர்ந்த சிந்தெடிக் இப்போது வேண்டாம். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்திக் கூலன்ட் நிரப்பினால் காற்று வெளியேறும். பிளக்கைக் கழற்றி, கேம் ஆங்கிள் சென்சார் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் அழுத்த முள் அசையும்வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். முள் அசையாமல் இஞ்சினை ஓடவிடக் கூடாது.

ஓடத் தொடங்கியதும் கசிவு பாருங்கள். பிறகு டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து, இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரிக்கு வையுங்கள்.

நீண்ட நேரம் ஐடிலில் விடாதீர்கள். ரிங் சிலிண்டர் சுவரில் பதிய அழுத்தம் வேண்டும். அதிகாலையில் சாலை காலியாக இருக்கும்போது, மூன்றாவது நான்காவது கியரில் 50-லிருந்து 80 கிலோமீட்டர் வரை உறுதியாக ஏற்றி, பிறகு ஆக்ஸிலரேட்டரை விட்டு இஞ்சின் பிரேக்கிலேயே இறங்கவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நெரிசல் நேரத் தீவு விரைவுச்சாலை இதற்குச் சரிப்படாது. அந்த முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அடுத்து 500 கிலோமீட்டரில் மறுபடி. இறக்கிய ஆயிலைக் காந்தத்தால் கிளறிப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பொடி இயல்பு. செம்பு நிறத் துகளோ செதிலோ வந்தால் ஓட்டுவதை நிறுத்திச் சம்ப்பைத் திறக்க வேண்டும்.

10 வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. ரிங் பதியும்வரை லேசான புகை வரலாம் என்பதால், இரண்டாவது ஆயில் மாற்றம் முடிந்த பிறகு பரிசோதனை நாள் விழும்படி வேலையைத் தொடங்குங்கள்.