கிழிசலா, இத்துப்போனதா? ஃபைட்டர் மீனின் செட்டையைத் தேற்றும் விதம்

பாளையங்கோட்டையில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருக்கிறேன். மீனைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஆடி மாதம் வரைக்கும் குழம்பு வைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆடியில் கடையில் வேலை குறைச்சல். அந்த நேரம் பார்த்து அக்கா மகன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வெட்டுமேஜையில் வைத்தான். உள்ளே நீலமும் பச்சையுமாக ஒரு ஃபைட்டர் மீன், பெயர் மயிலு. வால் மூன்று இடத்தில் கீறி நார் நாராகத் தொங்கியது.

"சித்தி, நீங்க கிழிஞ்சதையெல்லாம் தைப்பீங்கல்லா, இதுக்கு என்ன செய்யணும்?" என்றான்.

மீனைத் தைக்க முடியாது. ஆனால் ஒரு கிழிசலைப் பார்த்தால் அது எதனால் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியும். ஆணியில் மாட்டிக் கிழிந்த சேலைக்கு ஓரம் சுத்தமாக இருக்கும், சுற்றியுள்ள துணி வலுவாக இருக்கும். பெட்டியில் ஈரத்தோடு மடித்து வைத்து இத்துப்போன சேலை அப்படி இல்லை. ஓரம் கறுத்துப்போய், தொட்ட இடமெல்லாம் கையோடு வரும். மீன் செட்டையும் இதே மாதிரிதான். (துடுப்பு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்களுக்குச் செட்டைதான் வாய்க்கு வருகிறது.)

செட்டை கிழிந்திருந்தால் ஓரம் நேராக வெட்டுப்பட்டது போல இருக்கும், நிறம் ஓரம் வரைக்கும் மாறாமல் இருக்கும், நேற்று எவ்வளவு கிழிந்திருந்ததோ அவ்வளவுதான் இன்றும் இருக்கும். மீன் தீனியைப் பார்த்ததும் ஓடி வரும். அழுகலாக இருந்தால் ஓரம் கறுப்பாகவோ சிவப்பாகவோ பிசிறடித்து, நாளுக்கு நாள் உடம்பை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். மீன் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். முதல் நாளே முடிவுக்கு வராதீர்கள். நான் மீன் இருந்த டப்பாவுக்கு வெளியே இஞ்ச் டேப்பை ஒட்டிவைத்து, தினமும் காலையில் கடை திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்தேன். நாலு நாள் படத்தை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் குறைகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணை நம்பினால் பயம்தான் அளவு சொல்லும்.

மயிலுக்கு வந்தது வெறும் கிழிசல். அதற்கு மருந்தே தேவையில்லை, நல்ல தண்ணீரும் பொறுமையும் போதும். இதைச் சொன்னால் மீன் வளர்க்கும் பையன்கள் யாரும் நம்புவதில்லை. பாட்டில் மருந்து வாங்கி ஊற்றினால்தான் அவர்களுக்கு வைத்தியம் செய்த திருப்தி.

முதலில் கிழித்தது எது என்று பாருங்கள். அதை எடுக்காமல் மீனைத் தேற்றினால் ஆணியை அப்படியே விட்டுவிட்டுச் சேலைக்கு ஒட்டுப் போடுகிற கதைதான். ஷிபான் துணுக்கு ஒன்றை எடுத்து, தொட்டியில் உள்ள ஒவ்வொரு சாமான்மேலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே செட்டையும் மாட்டும். அக்கா மகன் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு கோட்டை பொம்மை. கோட்டை வாசல் ஓரத்தில் துணி மாட்டவில்லை. செடியின் இலை நுனியில் சர்ரென்று மாட்டி நூல் பிரிந்துவிட்டது. செடி அன்றைக்கே குப்பைக்குப் போனது. வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும் பில்டர் இருந்தால் அதன் வாயிலும் செட்டை மாட்டும், ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள். இன்னொரு ஆண் ஃபைட்டரோடு ஒரு நிமிஷம் விட்டுப் பார்த்தோம் என்று சொன்னால், அதற்குத் துணுக்கெல்லாம் வேண்டாம், காரணம் கையிலேயே இருக்கிறது.

அடுத்தது தனி இடம். ஹார்லிக்ஸ் பாட்டில் ஆகாது. நான் பட்டன் போட்டுவைத்திருந்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவைச் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் நாலு தடவை கழுவி, 8 லிட்டர் தண்ணீர் விட்டேன். அகலமான டப்பாவாகப் பாருங்கள், ஆழம் முக்கியமில்லை. இந்த மீனுக்குச் செவுளோடு தலைக்குள் இன்னொரு மூச்சு உறுப்பும் உண்டு, மேலே வந்து காற்றை வாயால் குடித்துவிட்டுப் போகும். தாய்லாந்துப் பக்கத்து வயல், குட்டைகளின் ஆழமில்லாத தண்ணீர் அதன் பூர்வீகம். வால் கிழிந்த மீனை ஆழத்தில் விட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஆகும். அரை அடி ஆழம் போதும். மேலே கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், இது துள்ளி வெளியே விழுகிற மீன். தண்ணீருக்கும் துணிக்கும் நடுவே காற்று இருக்கட்டும்.

என் தொழிலில் ஒரு ஆபத்து உண்டு, மிஷின் எண்ணெய். அந்தக் கையைத் தண்ணீரில் விட்டால் மேலே எண்ணெய்ப்படலம் கட்டும், மீன் காற்றுக் குடிக்க வரும் இடமே அதுதான். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பு வாடை போகும்வரை அலசிவிட்டுத்தான் டப்பா பக்கம் போக வேண்டும்.

இனி தண்ணீர். இதை நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் முக்கால்வாசி வைத்தியம் இதுதான். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உவர்ப்பு. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் இந்த மீனுக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது செவுளைப் பொசுக்கும். வாய் அகன்ற வாளியில் பிடித்து மூடாமல் ஒரு முழு நாள் வையுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானதுதானே என்று அதையே ஊற்றாதீர்கள், அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்பெல்லாம் வடிந்து போயிருக்கும்.

வாளியை மீன் இருக்கும் அறையிலேயே வையுங்கள். அப்போதுதான் இரண்டு தண்ணீருக்கும் சூடு ஒன்றாக இருக்கும். 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் மீன் சுகமாக இருக்கும். நம்ம ஊரில் பெரும்பாலான நாள் அது தானாகவே அமைந்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால்தான் கஷ்டம். தண்ணீர் சுட்டால் கிருமி வேகமாகப் பெருகும், தண்ணீரில் காற்றும் குறையும். டப்பாவைத் தரையில் இறக்கி நிழலில் வையுங்கள், ஐஸ் கட்டியைப் போடாதீர்கள்.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியில் வைத்த தண்ணீரை ஒரு டம்ளரால் சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். காரணம் இதுதான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். பழகிய தொட்டியில் அதைத் தின்று மாற்றும் நல்ல கிருமிகள் பில்டரில் குடியிருக்கும். அவை குடியேறவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். புது டப்பாவில் அவை கிடையாது, அந்த வேலையை உங்கள் கைதான் செய்ய வேண்டும். அமோனியா கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நாள் மயிலின் வால் ஓரத்தில் செல்லோபேன் தாள் மாதிரி நிறமே இல்லாத ஒரு கரை தெரிந்தது. அது புதுச் செட்டை. வெள்ளையாக இருக்கிறதே, பூஞ்சையோ என்று பலர் பயந்துபோய் மருந்து ஊற்றுவது இந்த இடத்தில்தான். புதுச் செட்டை தட்டையாக, கண்ணாடி போல இருக்கும். பூஞ்சை பஞ்சு ஒட்டினது போல உப்பி நிற்கும். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஆவணி வந்தது. முகூர்த்த ஜாக்கெட் குவிந்துவிட்டது, ஆறு நாள் தண்ணீர் மாற்றவில்லை. ஏழாம் நாள் பார்த்தால் அந்தக் கண்ணாடிக் கரை முழுக்கப் போய், பழைய வால் ஓரம் தீய்ந்த பேப்பர் மாதிரி கறுத்திருந்தது. கிழிசல் இத்துப்போனது அப்படித்தான், என் கையாலேயே.

பதற்றத்தில் இரண்டு தப்பு செய்தேன். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றினேன். மீன் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. புண்ணுக்கு மஞ்சள் நல்லதுதானே என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் வேறு. அது கரையாமல் மேலே பாலாடை மாதிரி மிதந்தது, மூச்சுக்கு வந்த மீன் வாயில் தூள். உடனே ஆன்டி குளோரின் விட்டு, மஞ்சளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தேன். நம் புண்ணுக்குப் போடுவதெல்லாம் மீனுக்கு ஆகாது.

அழுகலுக்கு நான் அப்புறம் செய்ததும், பலித்ததும் இது. தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். அதோடு உப்பு. தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும்போது உப்புக்கு என்ன பஞ்சம்? வேறெதுவும் கலக்காத கல்லுப்பைப் பொடித்து, லிட்டருக்கு 1 கிராம் கணக்கு, 8 லிட்டருக்கு 8 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும், முடிந்தால் நிறுத்தே போடுங்கள். தனி டம்ளரில் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். மறுநாள் 4 லிட்டரை மாற்றினால் 4 கிராம் உப்பு மட்டும் போடுங்கள், மீதி உப்பு உள்ளேதான் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்திருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும், உப்பு ஆவியாகப் போவதில்லை. பத்து நாளுக்கு மேல் உப்பில் வைக்காதீர்கள். வெறும் கிழிசலுக்கு உப்பே வேண்டாம்.

வாதா மரத்து (நாட்டு வாதுமை) இலையை மட்டும் கிழிசல், அழுகல் இரண்டுக்கும் போட்டேன். தானாக உதிர்ந்து, காய்ந்து, பழுப்பேறிய இலையாக இருக்க வேண்டும், பச்சை இலை கூடாது. மருந்தடிக்காத மரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுவி ஒரு இலை. இரண்டு நாளில் தண்ணீர் இளம் டீ நிறத்துக்கு வரும். இலையிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து கிருமியைக் கொஞ்சம் அடக்கும், மீனும் நிதானமாகும். கடுங்காப்பி நிறம் வந்தால் இலை அதிகம். மயிலு அந்த இலைமேலேயே சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

மீன் கடையில் நீல மருந்து ஒன்று கொடுத்தார்கள், மெத்திலீன் ப்ளூ. அது பூஞ்சைக்கு உதவும், ஆனால் தனி டப்பாவில் மட்டும், பாட்டிலில் போட்ட அளவுக்கு மட்டும். பழகிய தொட்டியில் ஊற்றினால் நல்ல கிருமிகளும் சாகும். ஒரு சொட்டு வெள்ளை லைனிங் துணியில் பட்டது, எத்தனை தடவை துவைத்தும் போகவில்லை. மனுஷர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துத் தூவச் சொல்பவர்களும் உண்டு. அளவு தெரியாத அந்த வேலையைச் செய்யாதீர்கள். நல்ல தண்ணீரும் உப்பும் கொடுத்து ஐந்து நாளாகியும் அழுகல் நகர்ந்துகொண்டே இருந்தாலோ, உடம்பைத் தொட்டுவிட்டாலோ, செதில் நிமிர்ந்து உடம்பு உப்பினாலோ, கைவைத்தியம் அத்தோடு போதும். நமக்குத் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மீன் நோய் படித்தவர்கள் இருக்கும் இடம். எடுத்த படங்களோடு அங்கே கேளுங்கள்.

தீனி கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று குருணை. அதன் வயிறு அதன் கண் அளவுதான். தின்னாததை ஐந்து நிமிஷத்தில் இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். செட்டை வளரப் புரதம் வேண்டும் என்று கொசுப்புழு கொடுப்பார்கள், நல்லதுதான். சாக்கடையில் பிடித்தது வேண்டாம்.

புரட்டாசி முடிவதற்குள் வால் திரும்ப வளர ஆரம்பித்தது. தீபாவளி நெருக்கத்தில் திடீரென்று வாலில் அரைவட்டமாக ஒரு கடி. ஓரம் சுத்தம், அழுகல் இல்லை. டப்பாவில் கூர்மையான சாமானும் இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெண் ஜாக்கெட் போட்டுப் பார்க்கக் கண்ணாடி முன்னால் நின்றாள். அவள் நகர்ந்ததும் மயிலு செட்டை முழுவதையும் விரித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சீறியது. வாடிக்கையாளர் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு நேர் எதிரே நான்தான் டப்பாவை வைத்திருந்தேன். பகல் முழுக்க எதிரே இன்னொரு ஆண் மீன் நிற்பதாக நினைத்து, தீராத எரிச்சலில் தன் வாலையே கடித்திருக்கிறது. பெரிய வால் உள்ள ஃபைட்டர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. கண்ணாடிக்கு ஒரு பழைய போர்வையைத் திரை போட்டேன், கடி நின்றது. "பார்த்துட்டு மூடிருங்கம்மா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கார்த்திகையில் மீனைப் பையனிடம் கொடுத்தேன். ஒரேயடியாகத் தொட்டியில் விடக்கூடாது. டப்பாத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, தொட்டித் தண்ணீரைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளராக அரை மணி நேரம் சேர்த்துவிட்டு, மீனை மட்டும் மெல்ல மாற்றினோம். செடிக்குப் பதில் இப்போது நிஜச் செடி. வால் முழுசாக வந்துவிட்டது, ஆனால் புதிதாக வளர்ந்த பகுதி கொஞ்சம் சுருங்கி, பச்சைக்குப் பதில் ஊதா நிறமாக இருக்கிறது. அப்படி நிறம் மாறி வளர்வது சகஜம், நோயில்லை என்று விளக்கிச் சொன்னேன். பையன் தொட்டிமேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். கடையில் தினமும் நான் கேட்கிற புகாரையே அவனும் சொன்னான்.

"சித்தி, மேட்சிங் இல்லையே."