வறண்ட கிணற்றில் ஒரு ஸ்நேர் டிரம்: 1979-இன் ஒலியைப் பாளையங்கோட்டையில் பதிவு செய்வது எப்படி?

பாளையங்கோட்டையில் ரெக்கார்டிங் அறை வைத்திருப்பவனுக்கு வரும் வேலை பெரும்பாலும் இரண்டுதான்: கோயில் கொடைக்கான வில்லுப்பாட்டு, இல்லையென்றால் சபைப் பாடல்கள். கொஞ்ச காலமாக மூன்றாவதாக ஒரு கூட்டமும் வருகிறது. கறுப்புச் சட்டை, அதன் நெஞ்சில் வெள்ளைக் கோடுகள், தோளில் கித்தார். அந்தக் கோடுகள் சிபி 1919 என்ற பல்சரின், அதாவது துடிப்பு விண்மீனின், துடிப்பு என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, பரவாயில்லை. வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றே: "அண்ணாச்சி, ஜாய் டிவிஷன் மாதிரி வேண்டும். எதிரொலியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்."

ஜாய் டிவிஷன் எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ராக் குழு. அவர்களுடைய ஒலிக்கு எதிரொலியைத் தூக்கினால் கல்யாண மண்டப மைக்செட்தான் கிடைக்கும். அந்தச் சட்டைக் கோடுகளை அட்டைப்படமாகக் கொண்ட அவர்களுடைய ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ ஆல்பத்தின் ஒலிக்கு வழி வேறு: ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்து, நடுவில் காலியிடம் விட வேண்டும். அதைப் பாளையங்கோட்டையிலும் செய்யலாம்.

முதலில் காது. மைக்கைத் தொடுவதற்கு முன் 1978-இல் வந்த ஜாய் டிவிஷனின் முதல் இசைத்தட்டான ‘ஆன் ஐடியல் ஃபார் லிவிங்’கைக் கேளுங்கள். நாலு பையன்கள் ஒரே அறையில் முட்டி மோதிக்கொள்ளும் பங்க் இசை. பிறகு ஆல்பத்தைப் போடுங்கள். 1979 ஏப்ரலில், மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவாகி, ஜூனில் வெளிவந்தது. வாசித்தவர்கள் அதே நாலு பேர்தான். இடையில் புகுந்தவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். மேடையில் தாங்கள் எழுப்பிய ஆவேசத்தை இந்த மனிதர் உறிஞ்சி எடுத்துவிட்டார் என்று கித்தார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்குக்கும் நெடுநாள் குறை இருந்தது. என் கட்சி ஹானெட் கட்சி. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னிடம் விவாதிக்க வராதீர்கள், ஹெட்ஃபோன் வேண்டும்.

இனி டிரம்ஸ். உழைப்பில் முக்கால் பங்கு இங்கேதான். ஒரு கருவியின் ஓசை இன்னொன்றின் மைக்கில் விழக் கூடாது என்பதில் ஹானெட் பிடிவாதக்காரர். டிரம்ஸ் வாசித்த ஸ்டீபன் மோரிஸைத் துண்டு துண்டாக வாசிக்கவைத்தே பதிவு செய்தார். வில்லுப்பாட்டில் இதைச் செய்தால் பாட்டு செத்துவிடும். குடத்தின் ஓசை உடுக்கை மைக்கிலும் புலவரின் மைக்கிலும் கலந்து விழுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இங்கே கலப்பு கூடாது.

செய்முறை இது. தாளம் பிசகாமலிருக்க ஹெட்ஃபோனில் ‘டிக் டிக்’ என்று கிளிக் ஓடட்டும். வழிகாட்டிக்காக ஒரு முறை முழு செட்டையும் வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்து கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம் மட்டும். பிறகு ஸ்நேர், அதாவது குச்சியால் அடிக்கும் சின்ன டிரம் மட்டும். பிறகு ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு. சிம்பல்கள் கடைசி. டிரம்ஸ்காரரின் மற்ற கை சும்மா இருந்தால் தாளம் தள்ளாடும். விட்டுப்போன அடிகளைத் தொடையில் அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மடியில் ஒரு தலையணை வைத்தால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது தண்டனைதான். நான் இரவு பதினொன்றுக்கு மேல்தான் டிரம்ஸ் எடுக்கிறேன். முருகன்குறிச்சிப் பக்கம் பஸ் ஹாரன் ஓய்ந்திருக்கும்.

பிரித்து எடுத்த ஸ்நேருக்கு இப்போது டிலே, அதாவது ஓசையைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருவது. ஹானெட்டிடம் இருந்தது பர்ன்லியில் தயாரான ஏஎம்எஸ் டிஜிட்டல் டிலே. அன்றைக்குப் புத்தம் புதிய சாதனம். இன்று எந்த இலவச மென்பொருளிலும் டிலே இருக்கிறது. 30 முதல் 60 மில்லி நொடி, ஒரே ஒரு திருப்பம், அளவு குறைவு, திரும்பி வரும் ஓசையில் மேல் சுருதிகள் வெட்டு. அடியும் நிழலும் தனித்தனியாகக் கேட்டால் நேரத்தைக் குறையுங்கள்.

இயற்கையாகவே வேண்டுமென்றால் நாங்குநேரிப் பக்கம் வாருங்கள். கோடையில் வறண்ட கல்கட்டுக் கிணற்றுக்கு அங்கே பஞ்சமில்லை. பம்ப்செட் அறையிலிருந்து மின்கம்பி இழுத்து, கிணற்று விளிம்பில் ஒரு ஸ்பீக்கரைக் குப்புறக் கட்டுங்கள். மைக்கைக் கயிற்றில் பாதி ஆழம் இறக்குங்கள். பதிவு செய்த ஸ்நேரை மட்டும் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கிணறு திருப்பித் தருவதைத் தனி டிராக்கில் பிடியுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. மைக்கிலிருந்து கிணற்றின் அடி 10 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 57 மில்லி நொடி; நமக்கு வேண்டிய கணக்கு அப்படியே வந்துவிடுகிறது. பகலில் போகாதீர்கள். கல்லிடுக்கில் மாடப்புறாக்கள் குடியிருக்கும், முதல் அடிக்கே படபடவென்று கிளம்பிப் பதிவைக் கெடுக்கும். இருட்டிய பின் அவை அடங்கிவிடும். தோட்டக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்; ராத்திரியில் கிணற்றுக்குள் கயிறு இறக்கும் நாலு பேரைப் பார்த்தால் யாரும் நல்லவிதமாக நினைக்க மாட்டார்கள்.

பேஸ் கித்தாருக்கு ஒரே விதி: மேல் சுருதிக்கு ஏறி வாசியுங்கள். ஒத்திகையில் சம்னரின் ஆம்ப்ளிஃபயர் சத்தத்தில் தன் வாசிப்பே தனக்குக் கேட்காததால்தான் ஹுக் கித்தார்க் கழுத்தில் மேல் சுருதிப் பக்கம் போனார்; அங்கே வாசித்தால் கேட்டது. அப்படியே பாட்டின் ராகத்தைப் பேஸ் எடுத்துக்கொண்டது. விரலால் மீட்டாதீர்கள், பிக் என்ற சின்னச் சில்லு போதும். மெல்லிய இரண்டு தந்திகளில் ராகம் ஓடட்டும். கித்தார்காரர் கோபித்துக்கொண்டாலும் கித்தாரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டால் காலியிடம் போய்விடும்.

குரலுக்கு ரிவெர்ப், அதாவது அறை முழக்கம், ஊற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். பாடகர் இயன் கர்ட்டிஸின் அடிக்குரல் பல இடங்களில் கிட்டத்தில்தான் நிற்கிறது. ‘இன்சைட்’ பாட்டில் தூரம் தேவைப்பட்டபோது ஹானெட் அவர் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாக வரவைத்துப் பதிவு செய்தார். நீங்கள் குரல் டிராக்கில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3400-க்கு மேலேயும் வெட்டினால் பழைய தொலைபேசி வந்துவிடும். இன்றைய கைபேசி அழைப்பு தெளிவு கூடியது, உதவாது. ஒரு வரிக்கு மட்டும் செய்யுங்கள்.

பிறகு, இசைக்கருவி அல்லாத ஓசைகள். ‘ஷி'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாட்டில் புஸ் புஸ் என்று தாளத்தோடு வருவது ஸ்ப்ரே டப்பா. ஆல்பத்தில் கண்ணாடி உடையும் ஓசை உண்டு, ஸ்டூடியோவின் லிஃப்ட் ஓசையும் உண்டு. ஸ்ப்ரே டப்பாவை மூடிய அறையில் அடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, மைக்குக்கு ஒரு முழம் தள்ளி, டப்பாவின் வாயைப் பக்கவாட்டில் திருப்பி அழுத்துங்கள். டப்பாவைக் குலுக்கும்போது உள்ளே உருளும் குண்டின் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்கும். அதையும் தனியாக எடுத்துவையுங்கள். லிஃப்டுக்குப் பதில் நம் ஊர் ஷட்டர் கதவு இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு கடை அடைக்கும் நேரத்தில் போய் நின்றால் செலவில்லாமல் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில் ஒவ்வொரு டிராக்காக அணைத்துப் பாருங்கள். அணைத்தும் பாட்டு குறைபடவில்லை என்றால் அது வெளியேற வேண்டியது. முடித்த ஃபைலைக் கொடை ஸ்பீக்கர் பெட்டி அடுக்கில் சோதிக்காதீர்கள். அந்தப் பெட்டிகள் கீழ்ச்சுருதியை ஊதிப் பெருக்கும், விட்ட இடமெல்லாம் நிரம்பிவிடும். மறுநாள் காலையில் ஹெட்ஃபோனில், குறைந்த சத்தத்தில் கேளுங்கள். அந்தச் சத்தத்திலும் ஹை-ஹேட் ஒரு பக்கம், பேஸ் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றால் எனக்கு அனுப்புங்கள்; மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.