அரசுப் பள்ளிக்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி? முதல் முறை எழுதுபவர்களுக்கு

"எங்கள் பள்ளிக்கு 200 கதைப் புத்தகங்கள் வேண்டும்" என்று ஒரு விண்ணப்பம். "நான்காம் வகுப்பில் இருக்கும் 32 பேரில் 11 பேர்தான் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள், மற்ற 21 பேருக்கும் வீட்டில் வாசிக்க எதுவும் இல்லை" என்று இன்னொரு விண்ணப்பம். இரண்டும் கேட்பது அதே புத்தகங்களைத்தான். பணம் கொடுப்பவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், எதற்குக் கொடுக்கத் தோன்றும்?

முதல் விண்ணப்பம் பொருளில் தொடங்குகிறது, இரண்டாவது பிள்ளையில் தொடங்குகிறது. கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான். வாசிப்புத் திட்டத்தையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

படி 1: எழுதும் முன் அளந்துவிடுங்கள்

அதிகம் பேர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். விண்ணப்பத்தைத் தொடும் முன்பே ஒரு வாரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத, அவர்கள் வகுப்புக்கு ஏற்ற ஒரு பத்தியை எடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, பிள்ளை தடுமாறாமல் வாசித்ததா என்பதையும் சேர்த்துத் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சை மாதிரி தெரியக் கூடாது. பயந்துபோன பிள்ளை தனக்குத் தெரிந்ததையும் வாசிக்காது.

அந்த ஒரு தாள் இரண்டு வேலை செய்யும். இன்றைக்கு உங்கள் கோரிக்கைக்கு ஆதாரம். ஆண்டு முடிவில் என்ன மாறியது என்று காட்ட ஒப்பீடு. திட்டம் தொடங்கிய பிறகு பழைய நிலையை அளக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். தாளில் பிள்ளைகளின் பெயர் இருக்கலாம். வெளியே போகும் விண்ணப்பத்தில் எண்ணிக்கை மட்டும் போதும்.

படி 2: பள்ளியின் சம்மதம்

தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே பேசுங்கள். பணம் யார் கணக்கில் வரும், வாங்கும் பொருள் யாருடைய பொறுப்பில் இருக்கும், மேலதிகாரியின் அனுமதி தேவையா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தாக வேண்டும். பல நிதி அமைப்புகள் தனி ஆளுக்குப் பணம் தருவதில்லை. பிள்ளைகளின் படத்தைச் சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். நான் உதவிய ஒரு விண்ணப்பத்தில் எல்லாம் தயாராக இருந்தும், கையெழுத்துப் போட வேண்டியவர் கடைசி நாளில் விடுப்பில் இருந்ததால் வாய்ப்பே போய்விட்டது. இரண்டு வாரம் முன்பே கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

படி 3: யாரிடம் கேட்பது

அரசுத் திட்டங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, முன்னாள் மாணவர் சங்கம் என்று கதவுகள் பல. சிலர் முன்கூட்டியே பணம் தருவார்கள். சிலர் நீங்கள் செலவு செய்த பிறகு பில்லைப் பார்த்துத் தருவார்கள். கையில் பணமில்லாத பள்ளிக்கு இது சரிவராது. பாதியை நீங்கள் திரட்டினால் மீதியைத் தருகிறோம் என்பவர்களும் உண்டு. பணத்துக்குப் பதில் பொருளாகவே அனுப்புபவர்களும் உண்டு: அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு சார்லஸ் பெஸ்ட் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் என்ற இணையதளம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆசிரியர் தன் வகுப்புக்குத் தேவையானதை எழுதுவார், பொதுமக்கள் பணம் போடுவார்கள், பொருள் பள்ளிக்கு வந்து சேரும்.

நிதி தருபவர்களின் அறிவிப்பில், எதற்கெல்லாம் தர மாட்டோம் என்ற பகுதியை முதலில் படியுங்கள். சம்பளம், கட்டடம், உணவு, பயணம் ஆகியவை அங்கே அடிக்கடி இருக்கும். அப்புறம், அவர்கள் முன்பு எந்தத் திட்டங்களுக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய விருப்பம் அங்கே தெரிந்துவிடும்.

படி 4: இலக்கை ஒரே வாக்கியத்தில்

ஸ்மார்ட் (SMART) இலக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்; ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. 1981இல் ஜார்ஜ் டோரன் என்ற மேலாண்மை ஆலோசகர் அதை எழுதியபோது சொன்ன ஐந்து: குறிப்பாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், யார் செய்வது என்று ஒப்படைக்க முடிய வேண்டும், நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கால எல்லை வேண்டும். பிற்காலத்தில் பலர் மூன்றாவதை மாற்றி 'எட்டக்கூடியது' என்று சொல்லத் தொடங்கினார்கள். பள்ளிக்கு டோரன் சொன்னதே பொருந்தும் என்பது என் கருத்து. யார் பொறுப்பு என்று எழுதாத திட்டத்தில் புத்தகங்கள் அலமாரியைத் தாண்டி வராது.

நம் உதாரணத்துக்கு: "பத்து மாதத்தில், வகுப்பாசிரியரின் பொறுப்பில், தடுமாறாமல் வாசிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை 11இலிருந்து 24ஆக உயர்த்துவோம்." 32 பேரும் என்று எழுத மனம் ஆசைப்படும். வேண்டாம், உங்களால் முடிந்ததை எழுதுங்கள்.

படி 5: பட்ஜெட்

ஒவ்வொரு வரியிலும் பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம், எதற்காக என்று ஐந்தும் வேண்டும். "இதரச் செலவு" என்ற வரி சந்தேகத்தைத்தான் கிளப்பும். கடைகளில் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள். மறந்துபோகும் செலவுகள் எப்போதும் சிறியவைதான்: வரி, ஏற்றுக்கூலி, அட்டை போடுவது, கிழிந்த புத்தகத்தைத் தைப்பது, பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பை. பள்ளி தன் பங்காகத் தருவதையும் குறிப்பிடுங்கள். அறை, அலமாரி, ஆசிரியர் வாரத்துக்கு ஒதுக்கும் இரண்டு மணி நேரம், எல்லாமே பங்களிப்புதான்.

பணம் தீர்ந்த பிறகு இது எப்படி நடக்கும் என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கும் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

படி 6: எழுதி, வெளியாளிடம் கொடுங்கள்

கேட்ட கேள்விக்கு, கேட்ட வரிசையில் பதில் எழுதுங்கள். பிறகு பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "இந்தப் பணத்தால் எந்தப் பிள்ளைக்கு என்ன மாறும்?" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் அனுப்பலாம்.

நிராகரித்தால், காரணம் கேட்டுப் பணிவாக ஒரு கடிதம் போடுங்கள். சில அமைப்புகள் மதிப்பீட்டுக் குறிப்பைத் தருவார்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அதுவே நல்ல தொடக்கம்.

படி 7: பணம் வந்த பிறகு

இந்தத் திட்டத்துக்கென்று தனிக் கோப்பு தொடங்கி, ஒவ்வொரு பில்லையும் அன்றன்றே அதில் போடுங்கள். பொருட்களைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒன்றுக்குப் பதில் வேறொன்றை வாங்க நேர்ந்தால், வாங்கும் முன் எழுத்தில் அனுமதி பெறுங்கள். நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம்கூடக் கணக்குத் தணிக்கையில் சிக்கலாகிவிடும்.

பத்தாவது மாதம் மறுபடி அதே பிள்ளைகளை அதே முறையில் வாசிக்கச் சொல்லுங்கள், அதே கடினத்தில் வேறொரு பத்தியை வைத்து. 24 பேர் என்று சொன்னீர்கள், 19 பேர்தான் அந்த நிலைக்கு வந்தார்கள் என்றால் 19 என்றே எழுதுங்கள். எந்தப் பிள்ளைகள் பின்தங்கினார்கள், அடிக்கடி விடுப்பு எடுத்தவர்களா, எழுத்துக்கூட்டவே தெரியாதவர்களா என்று பார்த்து அதையும் சேருங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தின் முதல் பத்தி அந்தப் பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும்.