காற்றில் பைபர் படகை எப்படிக் கையில் வைத்திருப்பது

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் 24 அடி, 28 அடி பைபர் படகில் இரண்டு மூன்று பேராக நண்டு வலையோ வழிவலையோ (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை) போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, இவ்வளவு நாள் விசைப்படகில் போய்க்கொண்டிருந்துவிட்டு இப்போது சொந்தமாக ஒரு பைபர் வாங்கியிருக்கும் தம்பிமாருக்கு. விசைப்படகு கனமானது, சின்னக் காற்றைப் பொருட்படுத்தாது. பைபர் லேசு. தண்ணீருக்குள் அமர்ந்திருக்கும் பகுதி குறைவு, காற்றுக்கு முகம் காட்டி நிற்கும் பகுதி அதிகம். இரண்டையும் ஒரே மாதிரி ஓட்ட முடியாது.

காற்று நேரடியாக ஒரு இன்ஜின் படகைக் கவிழ்ப்பது அபூர்வம். காற்று படகைத் திருப்பும். திரும்பிய படகின் விலாவில் அலை அடிக்கும். தாழ்ந்த பக்கத்து விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, அடுத்த அலைக்கு வசதியாகப் படகைச் சாய்த்துக் கொடுக்கும். அதனால் கடலில் இருக்கும் நேரமெல்லாம் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்: அணியம், அதாவது படகின் முன்பக்கம், இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது? பாய் வைத்த வள்ளத்தில் தொழில் செய்த என் மாமா, "அணியத்த மட்டும் விட்டுராத, மத்ததெல்லாம் பெறகு பாத்துக்கலாம்" என்பார். இன்ஜின் வந்த பிறகும் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது.

கரையிலேயே முடிவாகும் விஷயங்கள்

வானிலை அறிவிப்பில் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர்" என்று வந்தால், துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால், அன்றைக்குப் பேச்சே இல்லை, படகைக் கட்டிப் போடுங்கள். நம்மைக் குழப்புவது அதற்குக் கீழே உள்ள காற்றுதான். 20 கிலோமீட்டரைத் தாண்டினால் கடலில் அங்கங்கே இருந்த வெள்ளை நுரை அடிக்கடி தெரிய ஆரம்பிக்கும். 30-ஐத் தாண்டினால் பார்க்கும் இடமெல்லாம் வெள்ளையாக இருக்கும். சின்ன பைபரில் நின்று வலை வாங்குவதற்கு, அதாவது போட்ட வலையைப் படகுக்குள் இழுத்து ஏற்றுவதற்கு, அதுதான் எல்லை என்பது என் கணக்கு. 20 கிலோமீட்டர் காற்று 40 ஆனால் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். "காலையில இருந்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வேகத்தைவிடக் கவனமாகப் பாருங்கள். ஆடி மாதம் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் அலை முகத்தில் வந்து உடையும். யாரும் ஏமாற மாட்டார்கள். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அப்படியல்ல. அங்கே காற்று நிலத்தைக் கடந்து வருவதால் கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பார்த்தால் போகலாம் என்று தோன்றும். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் சுலபமாகவும் இருக்கும். வெளியே போகப் போகத்தான் அலை வளரும், அது வளர்ந்த இடத்தில் திரும்பினால் முழுக் காற்றும் முகத்தில். வாடைக் காலத்தில் இதே கதை தென்கடல் பக்கம் நடக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் போகிற நாளில் எண்ணெயை மூன்றாகப் பிரியுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கு தொடாமல் இருக்கட்டும். வரும் வழி எதிர்க்காற்றானால் அந்த மூன்றாவது பங்கும் தேவைப்படும்.

வடகடல் ஆழம் குறைந்த கடல். அதனால் அலை உயரம் குறைவாக இருந்தாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒன்றிலிருந்து படகு எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று அதற்கு எதிர்த்திசையிலும் இருந்தால் இன்னும் மோசம். பாம்பன் பாலத்துக்கு அடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நீரோட்டம் மாறும்வரை காத்திருந்து கடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாரம்

வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், கல் எல்லாம் அடியில், நடுவில், கட்டப்பட்டு இருக்க வேண்டும். வலையை அணியத்தில் மலையாகக் குவித்து வைப்பதை நிறையப் படகுகளில் பார்க்கிறேன். அணியம் கனத்தால் முன்பக்கம் அலைக்குள் குத்தும், பின்பக்கம் தூக்கும், இன்ஜின் சொன்ன பேச்சுக் கேட்காது. மாறாக எல்லாப் பாரமும் பின்னால் இருந்தால் அணியம் மேலே தூக்கி நிற்கும், காற்று அதைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இரண்டும் இல்லாமல் படகு சமமாக இருந்து, அமரம், அதாவது பின்பக்கம், ஒரு கை அளவு தாழ்ந்திருந்தால் நல்லது.

அதிலும் மாற்றிக்கொள்ளக்கூடிய பாரம் ஒன்று உண்டு, அது ஆள். காற்றை எதிர்த்துப் போகும்போது ஒருவர் நடுவுக்குச் சற்று முன்னால் கீழே உட்காரட்டும். காற்றோடு வரும்போது அவர் பின்னால் வந்துவிடட்டும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகளில் (பாய் வைத்த படகுகள்) படகின் குறுக்கே ஒரு பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாய் காற்றுப் பிடித்துப் படகு சாயும்போது ஆட்கள் காற்று வரும் பக்கத்தில் அந்தப் பலகைமேல் ஏறி, கடலுக்கு மேலேயே உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். ஆள் எங்கே உட்காருகிறான் என்பதே அவர்களுக்குப் பாதி சுக்கான். இன்ஜின் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. மூன்று பேரும் அவரவர் வசதிப்படி உட்காருகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

நின்றுகொண்டு ஓட்டுவதை விடுங்கள். தொலைவு தெரிய வேண்டுமானால் ஒரு நொடி எழுந்து பார்த்துவிட்டு உட்காருங்கள்.

அப்புறம், படகுக்குள் நிற்கும் தண்ணீர். உட்புறம் 5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 600 லிட்டர். கிட்டத்தட்ட 600 கிலோ. பத்துப் பேர் எடை, அதுவும் சாயும் பக்கமெல்லாம் சேர்ந்து ஓடுகிற பத்துப் பேர். கணுக்கால் அளவுதானே என்று விடாதீர்கள். இறைக்கும் வாளியைக் கயிறு போட்டுப் படகோடு கட்டி வையுங்கள், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. பிடித்த மீனும் இப்படித்தான் ஓடும். பலகை வைத்துத் தடுத்து அறை அறையாகப் போடுங்கள்.

ஓட்டும் முறை

எதிர்க்காற்றில் அலையை நேர் நெற்றியில் வாங்கினால் படகு ஏறிக் குதித்துக் குதித்து அடிவயிறு பிளக்கும். அணியத்தின் ஒரு கன்னத்தில் வாங்கும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். அலை ஏறும்போது இன்ஜினுக்குக் கொடுங்கள், உச்சிக்கு வந்ததும் குறையுங்கள், இறங்கும்போது மெதுவாக விடுங்கள். நீளத் தண்டு இன்ஜினாக இருந்தால் உச்சியில் விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்து வெறுமனே சுற்றும். அந்தச் சத்தம் வருமுன் கையைக் குறைப்பது பழக்கத்தில் வரும். குறைக்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. ஓட்டம் இல்லாத படகு திருப்பினாலும் திரும்பாது.

வீட்டுக்குப் போகும் திசை காற்றுக்குக் குறுக்காக இருக்கும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நேராகப் போனால் முழு வழியும் விலாவில் அலை. அதற்குப் பதிலாகக் காற்றை நோக்கிச் சாய்வாகக் கொஞ்சத் தூரம் ஏறிப் போய், பிறகு திரும்பி, அலை பின்பக்க மூலையில் வரும்படி இறங்கி வாருங்கள். தூரம் கூடும், எண்ணெய் கூடும், ஆனால் படகு பத்திரமாகக் கரைக்கு வரும். திரும்பும் இடத்தில் மட்டும் பொறுமை வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போன பின் ஒரு தணிவு வரும். அதுவரை அணியத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் காத்திருந்து, தணிவு வந்ததும் தயங்காமல் திருப்புங்கள். திருப்பும் நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காற்றோடு வருவது சுகமாகத் தெரியும். எனக்கு அதில்தான் பயம் அதிகம். அலையின் முதுகைத் தாண்டி வேகமாகப் போனால் படகு சரிவில் சறுக்கி, அணியம் முன்னால் உள்ள தண்ணீரில் குத்தி நிற்கும். பின்பக்கத்தை அலை தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே நொடியில் படகு குறுக்காகச் சுழன்று படுத்துவிடும். அதனால் முன்னால் போகும் அலையின் பின்முதுகிலேயே இருங்கள். அதை முந்தாதீர்கள், பின்னால் வருவது உங்களைப் பிடிக்கவும் விடாதீர்கள். சறுக்கல் தாங்கவில்லை என்றால், நீளமான கனத்த கயிற்றின் இரண்டு நுனியையும் அமரத்தின் இரு மூலையில் கட்டி, நடுப்பகுதி வளைவாகப் பின்னால் இழுபடும்படி விடுங்கள். அது வேகத்தைப் பிடித்து, பின்பக்கம் சுழலாமல் வைக்கும். விசிறியில் சிக்காத நீளத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலை வாங்கும்போது

ஓடும் படகைவிட வலை வாங்கும் படகுதான் காற்றில் ஆபத்தான நிலையில் இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும், மூன்று பேரும் ஒரே பக்கம் குனிந்திருப்பார்கள், ஈர வலை அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும், அலையும் அதே பக்கம் வரும்.

காற்று இருக்கும் நாளில் வலையின் எந்த நுனியிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசியுங்கள். காற்றடியில் (காற்று போகும் பக்கத்தில்) உள்ள நுனியிலிருந்து ஆரம்பித்துக் காற்றை நோக்கி வாங்கிப் போனால், வலையே அணியத்தைக் காற்றுக்குப் பிடித்துக் கொடுக்கும். இரண்டு பேர் அணியத்துக்கு அருகில் வாங்கட்டும். ஒருவர் இன்ஜினில், எதிர்ப் பக்கமாக உட்கார்ந்து, வலையில் கனம் ஏறாதபடி மெதுவாக முன்னேற்றிக்கொண்டே வரட்டும். வாங்கிய வலையை ஒரே இடத்தில் குவிக்காமல் அடியில் பரப்பிப் போடுங்கள்.

வலை பாரில் (கடலடிப் பாறையில்) சிக்கிவிட்டால் விலாப் பக்கத்தில் கட்டிவைத்து இன்ஜினால் இழுக்கவே கூடாது. சிக்கிய வலை அசையாது, படகு அலையில் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் விளிம்புதான் தண்ணீருக்குள் போகும். கட்டுவதாக இருந்தால் அணியத்தில் மட்டும் கட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அறுத்துவிடுங்கள். வலை விலை எனக்கும் தெரியும், கடன் வாங்கித்தான் எல்லோரும் வலை கட்டுகிறோம். ஆனாலும் அறுத்துவிடுங்கள். அதற்கான கத்தி எப்போதும் ஒரே இடத்தில், இருட்டிலும் கை போகும் இடத்தில் இருக்கட்டும்.

வழிவலை போட்டுக் காத்திருக்கும்போது வலைக் கயிற்றை அணியத்தில் கட்டினால், தண்ணீருக்குள் தொங்கும் அந்த நீள வலை படகைப் பிடித்து நிறுத்தி, அணியம் தானாகக் காற்றைப் பார்க்கும். அமரத்தில் கட்டிவிட்டு உறங்குகிறவர்களைப் பார்த்தால் எழுப்பிச் சொல்லுங்கள். பின்பக்கம் விளிம்பு தாழ்வு, இன்ஜின் கனமும் அங்கேதான். அலை நேரே உள்ளே வரும்.

இன்ஜின் நின்றுவிட்டால்

இன்ஜின் நின்ற சிறிது நேரத்தில் படகு தானாகவே காற்றுக்குக் குறுக்காகத் திரும்பிவிடும். அதனால் முதல் வேலை கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதல்ல. ஒருவர் இன்ஜினைப் பார்க்கட்டும், இன்னொருவர் உடனே அணியத்திலிருந்து எதையாவது இறக்க வேண்டும்.

வடகடலில் பெரும்பாலும் நங்கூரம் தரை தொடும். ஆனால் ஆழத்துக்குச் சமமான கயிறு விட்டால் பிடிக்காது. காற்றில் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு வேண்டும். 3 பாகம் தண்ணீரில் 15 முதல் 20 பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்). நங்கூரத்தை அடுத்து இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் அது படுத்து நன்றாகக் கடிக்கும். கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள்.

தரை எட்டாத ஆழத்தில் தண்ணீரையே பிடித்துக்கொள்ளும் ஒரு நங்கூரம் வேண்டும். கடையில் வாங்கியது இல்லையென்றால் தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி ஒன்றாக முடியுங்கள், ஒரு மூலையில் கல், எதிர் மூலையில் மிதவை. இல்லையா, மீன் கூடையில் வலையைத் திணித்துக் கட்டி விடுங்கள். கயிறு தாராளமாக, 25 பாகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குட்டையாக விட்டால் ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுத்து அறுந்துவிடும். படகு மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கும், ஆனால் அணியம் காற்றைப் பார்க்கும். அந்த நிலையில் தண்ணீர் இறைக்கலாம், இன்ஜின் பார்க்கலாம், உதவிக்குக் காத்திருக்கலாம். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093.

உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டே தொழில் செய்யுங்கள். காற்று வந்த பிறகு தேடி எடுத்து மாட்ட நேரம் இருக்காது. கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். பைபரின் அறைகளில் தெர்மாகோல் சரியாக இருந்தால் கவிழ்ந்தும் மிதக்கும், தேடி வருகிறவர்கள் கண்ணுக்குத் தலையைவிடப் படகுதான் முதலில் படும். படகு வாங்கும்போதே அந்த அறைகளைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கடல் நன்றாக இருக்கும் ஒரு நாளில், லேசான காற்றில், இன்ஜினை நிறுத்திவிட்டு உங்கள் படகு எந்தப் பக்கம் திரும்பி எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஆளை முன்னால் பின்னால் மாற்றி உட்காரவைத்துப் பாருங்கள். தார்ப்பாயை அணியத்திலிருந்து விட்டு, எவ்வளவு கயிற்றில் முகம் காற்றுக்கு வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கயிற்றில் ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள். கூட வருகிறவர்களும் ஒவ்வொருவராக அதைச் செய்து பார்க்கட்டும்.