மினுக்குச் சோதனை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

போன வாரம் ஒரு மாணவர் வரைபடத்தோடு வந்து நின்றார். "சார், ஃபெர்ரி-போர்ட்டர் விதி தப்புன்னு நினைக்கிறேன்" என்றார். ஒளி கூடக் கூட, மினுக்கு கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வேகமும் ஏறும் என்கிற விதி அது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. அதே இடத்தில் மட்டமாகப் படுத்த அதே கோட்டை நானும் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறேன்.

வயரை மாற்றிச் செருகுவது, அறை விளக்கை அணைக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

மங்கலாக்கும் வேலையை பி.டபிள்யூ.எம்.மிடம் விடுவது

சோதனை எளிது. எல்.இ.டி.யை மினுக்கி, எந்த வேகத்தில் மினுக்கு மறைந்து சீரான ஒளியாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எல்லை கண்ணோடு பிறந்த ஒற்றை எண் அல்ல. ஒளி பத்து மடங்கு கூடும்போதெல்லாம் எல்லையும் ஏறத்தாழ ஒரே அளவு ஏறும். 1892இல் ஃபெர்ரியும் 1902இல் போர்ட்டரும் கண்டது இதைத்தான். ஆகவே பல ஒளி அளவுகளில் அளக்க வேண்டும்.

ஒளியைக் குறைக்க, கட்டுப்பாட்டுப் பலகையில் தயாராக இருந்த பி.டபிள்யூ.எம். (துடிப்பின் அகலத்தை மாற்றும்) முறையையே பிடித்துக்கொண்டேன். அது எல்.இ.டி.யை வினாடிக்கு 490 முறை ஏற்றி அணைக்கும். எரியும் நேரம் சுருங்கச் சுருங்க ஒளி மங்கும். இத்தனை வேகமான துடிப்பைக் கண் சராசரியாக்கித்தான் பார்க்கும், டால்பாட்-பிளாட்டோ விதியே இருக்கிறதே என்று தைரியம்.

அதன் தலையில் 45 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 45 முறை மினுக்கும் மினுக்கை ஏற்றினேன். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றில் எரியும் பாதி சுமார் 11 மில்லி வினாடி. அதற்குள் ஏறத்தாழ ஐந்தரைத் துடிப்புகள் விழ வேண்டும். அரைத் துடிப்பு ஏது? சில மினுக்குகளில் 5, சிலவற்றில் 6. முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 11 துடிப்பு. 45ஐ 11ஆல் பெருக்கினால் 495. அதற்கும் 490க்கும் இடைவெளி 5. அதாவது ஒளி வினாடிக்கு 5 முறை மெல்ல ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் சில சதவீத ஏற்ற இறக்கத்தையே கண் பிடித்துவிடும். இங்கேயோ 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம்!

45 எப்போதோ மறைந்துவிட்டது. பார்ப்பவர் கண்ணில் படுவது அந்த 5. அவர் "மினுக்குது" என்று பொத்தானை அழுத்துகிறார், நாம் நோட்டில் 45 என்று எழுதுகிறோம். முழு ஒளியில் பி.டபிள்யூ.எம். வேலை செய்யாது, அங்கே அளவு சரியாக வரும். மங்கலில் மட்டும் எல்லை பொய்யாக மேலே நிற்கும். கோடு மட்டமாகும். விதி தப்பு என்று தோன்றும்.

"35ல மினுக்கலை, 45ல மினுக்குது" என்று என் சோதனைக்கு வந்த ஒரு பெண் அப்போது சொன்னார். தூக்கக் கலக்கம் என்று அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தேன். 490ஐ 35 மிச்சமில்லாமல் வகுக்கும். ஒவ்வொரு மினுக்குக்கும் ஏழே துடிப்பு. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. கடைசியில் ஒளியை உணரும் போட்டோடையோடை, மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் மாட்டி, திரையில் விரல் வைத்து எண்ணினேன்: 5, 5, 5, 5, 5, 6, 6, 6, 6, மறுபடி 5. மூன்று மாத அளவுகள் குப்பைக்குப் போயின. அவரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்.இ.டி. முழு ஒளியில் எரியட்டும், முன்னால் சாம்பல் நிற ஃபில்டர் வையுங்கள். இல்லையென்றால் மின்னோட்டத்தையே குறையுங்கள். மாணவரை 35இலும் 45இலும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் மூளை தலையில் கட்டுவது

தலையின் பின்புறம் மின்முனை வைத்து மாறுமின்னோட்டம் செலுத்தினால், ஒளியே இல்லாமல் மினுக்குத் தெரியும். உடனே "பார்வைப் புறணியைத் தூண்டிவிட்டேன்" என்பார்கள். மூளையின் பின்புறம் பார்வையைக் கவனிக்கும் மேலடுக்குதான் அது. பொறுங்கள். மின்னோட்டம் தோல் வழியாகக் கண்வரை பரவும், விழித்திரைக்கு மிகக் கொஞ்சமே போதும். 1896இல் பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால் மாறும் காந்தப்புலத்துக்குள் தலையை வைத்தபோது தெரிந்த மினுக்கும் விழித்திரையில் பிறந்தது என்றே இன்று பெரும்பாலும் கருதுகிறார்கள். 2008இல் ஆய்வாளர் கனாயின் குழுவினர் தலையில் மாறுமின்னோட்டம் செலுத்தி, வெளிச்சத்தில் 20 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருட்டில் 10ஐ ஒட்டியும் மினுக்கு எளிதில் தெரிவதாகக் கண்டு, அதைப் புறணியின் வேலை என்றார்கள். விழித்திரையே காரணமாகலாம் என்று சீக்கிரமே மறுப்பு வந்தது. எனக்கு மறுப்புத்தான் சரியாகப் படுகிறது. மின்முனையைக் கண்ணுக்கு அருகே நகர்த்தும்போது குறைந்த மின்னோட்டத்திலேயே மினுக்கு வந்தால், முதலில் விழித்திரையைச் சந்தேகியுங்கள்.

அப்புறம், வீட்டில் செய்த சர்க்யூட்டைத் தலையில் மாட்டவே கூடாது.

ஓரக்கண்ணை மறப்பது

பெரிய, பிரகாசமான ஒளியின் மினுக்கை நடுப்பார்வையைவிட ஓரப்பார்வை நன்றாகப் பிடிக்கும். உற்றுப் பார்க்க ஒரு புள்ளி வையுங்கள்.

வலிப்பு உண்டா என்று கேட்காமல் தொடங்குவது

கேளுங்கள். 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரைதான் மிக மோசம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 முறை மாறிய சில நொடிகளே அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்பின; பெரும்பாலும் குழந்தைகள்.

60 ஹெர்ட்ஸ் திரையில் 40 ஹெர்ட்ஸ் மினுக்கு

வராது. திரை வினாடிக்கு 60 முறைதான் படம் மாற்றும். எரிவதும் அணைவதும் சமமாக வேண்டுமென்றால் 30, 15, 10, 7.5.